திரைக்குள் நிற்பவன்

மஞ்சளிலேயே மூன்று நாள் போயிற்று.
வாங்கிய அன்று அந்தப் பெட்டி பாலாடை நிறம்.
என் நினைவில் இருப்பதோ
சிகரெட் புகை குடித்துப் பழுத்த நிறம்.
புகையையே தேர்ந்தேன்.

வ்ரோத்ஸ்வாஃபில் பனி. டிராம் மணி.
எமுலேட்டரிடம் பழைய எந்திரத்தின் மூச்சு
அப்படியே இருக்கிறது, உடம்புதான் இல்லை.
உடம்பை நான் வரைகிறேன்:
தேய்ந்த விசைகள், ஸ்டிக்கரைக் கிழித்த இடத்தில் பசை,
கேசட் மூடியை நெம்ப
பென்சில் செருகிய வடு.

கண்ணாடிக்கு மட்டும்
எண்பத்தேழில் எடுத்த புகைப்படம் ஒன்றை வெட்டி ஒட்டினேன்.
அணைந்த திரையில் கோடுபோட்ட ஸ்வெட்டர்,
ஒரு முழங்கை,
காமிராவுக்கு மேலே அடர்ந்த முடி.
படம் எடுத்த ஸெனோன்.

அழிக்க இரண்டு நிமிடம் போதும்.
அழிக்கவில்லை.

இப்போது யார் யாரோ
அவன் முழங்கையின் மேல்
விண்கலங்களைச் சுட்டுத் தள்ளுகிறார்கள்.
"திரையில் ஏதோ கறை" என்று
போர்த்தோவிலிருந்து ஒருவர் எழுதினார்.
கறையில்லை ஐயா, ஆள்.

எடுத்துவிடட்டுமா என்று ஸெனோனையே கேட்டேன்.
க்டினியாவிலிருந்து பதில் வந்தது:
"இருக்கட்டும். எனக்கு முடி மிச்சமிருப்பது
அங்கே மட்டும்தான்."

விளையாடிப் பார்த்தானா என்று
சொல்லவில்லை.