ஆயிரத்து நானூறு

எங்கள் நாகலூரில் குளிர்
காலண்டர் பார்த்து வருவதில்லை.
தேங்காய் எண்ணெய் எந்தக் காலையில்
பாட்டிலுக்குள் வெள்ளையாய் நிற்கிறதோ
அன்றைக்கு வந்துவிட்டதென்று அர்த்தம்.

எண்ணெய் இன்னும் ஓடிக்கொண்டிருந்த ஒரு நாள்
அரிசி டப்பாவைத் துழாவினேன்.
ஆயிரத்து நானூறு.
காப்பிப் பழம் இப்போதுதான் சிவக்கிறது.
பறிப்புக் கூலி மார்கழியில்.
குளிருக்கு அதெல்லாம் தெரியாது.

சேலத்துக்கு இறங்கினேன்.
பஸ்ஸில் ஏறி உட்காரும்போது மூன்று போர்வை;
இருபது கொண்டை ஊசி வளைவும் திரும்பி முடித்தபோது
இரண்டு.
செவ்வாய்ப்பேட்டையில் வெயில் மண்டையைப் பிளக்கிறது.
கழுத்து வேர்வையைத் துடைத்துக்கொண்டே
கம்பளிக்குப் பேரம் பேசுகிறவளைப் பார்த்து
மின்விசிறியை என் பக்கம் திருப்பிவிட்டுச் சொன்னார் கடைக்காரர்:
"ஐநூறுக்குக் குறையாதுங்க."
நானூற்று முப்பதுக்குக் குறைந்தது.

ஸ்வெட்டர் ஒன்று, நூற்றெண்பது,
ஜெசிந்தாவுக்கு இரண்டு வயது பெரியது.
கையை மடித்துவிட்டால்
"இது அடுத்த வருசத்து ஸ்வெட்டராம்மா?" என்கிறாள்.
ஆமாம். அதற்கடுத்த வருசத்துக்கும்.

சன்னல் இடுக்கில் மைதாப் பசையும் பழைய பேப்பரும்.
காப்பிச் சாக்கில் சில்வர் ஓக் சருகை அடைத்துத்
தைத்துப் பாய்க்கடியில் போட்டேன்.
செலவில்லை. ஆனால் ராத்திரி
யார் புரண்டாலும் ஒரு காடு புரள்கிறது.

கூரைதான்.
தகரம் ஒன்று எழுநூற்றெண்பது என்றார்கள்.
விலையைச் சொன்னவரிடமே விட்டுவிட்டு வந்தேன்.

அன்று சாயங்காலம் இஞ்ஞாசி தோளில்
சுருட்டிய ஃப்ளெக்ஸ் ஒன்றோடு வந்தார்.
எட்டுக்கு ஆறு. ஓட்டையில்லை.
ஒண்டிக்கடை முக்கில் கயிறறுந்து சாக்கடையில் கிடந்ததாம்.
விரித்தோம்.
கண்ணீர் அஞ்சலி.
ஃபைனான்ஸ் வடமலை.

சனிக்கிழமைதோறும் புல்லட்டில் வருவார்.
வண்டியை அணைக்காமலே வாங்கிக்கொண்டு போவார்.
புரட்டாசியில் போய்ச் சேர்ந்தார்;
எங்கள் பாக்கி எண்ணூறு போய்ச் சேரவில்லை.
அவர் பல்லை முதன்முதலில் பார்த்தது இந்த ஃப்ளெக்ஸில்தான்.

"முகம் மேலே இருக்கட்டும்" என்றேன்.
"இந்த ஆளைப் பார்த்துக்கொண்டா தூங்குவது?"
"சாயம் மேலே போனால் ஒரு மழைக்குத் தாங்காது" என்றார் இஞ்ஞாசி.
ஜெசிந்தா மட்டும் கவலையாய்க் கேட்டாள்:
"மேல பாத்து படுக்க வெச்சா
அவரு மூக்குல தண்ணி போகாதா?"

அதனால் வடமலை எங்களைப் பார்த்தபடி இருக்கிறார்,
விட்டத்திலிருந்து விட்டம்வரை,
நெற்றியில் சந்தனம், கழுத்தில் அச்சடித்த மாலை.
மேலே பெய்வது பெய்கிறது.
உள்ளே சொட்டவில்லை.

விறகுக்கு இருநூற்றைம்பது.
வாஷருக்கும் ஆணிக்கும் தொண்ணூறு.
போக வர பஸ்ஸுக்கு எழுபது.
காய்ச்சல் இருமலுக்கென்று மிச்சத்தைத் துணியில் முடிந்து
மாதா படத்துக்குப் பின்னால் செருகினேன்.
முந்நூற்றெண்பது.

சனிக்கிழமை புல்லட் சத்தம்.
வடமலையின் மகன், நோட்டோடு.
தூறல் வலுத்ததால் வண்டியை அணைத்துவிட்டு
உள்ளே வரவேண்டியதாகிவிட்டது.
தலையைத் துவட்டத் துண்டு கொடுத்தேன்.
துவட்டிக்கொண்டே நிமிர்ந்தான்.

அடுப்பில் விறகு வெடித்தது.
எனக்கு வார்த்தை ஒன்றும் வரவில்லை;
இஞ்ஞாசி ஏதோ சொல்ல வாயெடுத்து, இருமினார்.

"அப்பாவுக்கு இழுப்பு" என்றான் அவன் வெகுநேரம் கழித்து.
"குளிர் ஆகாது. மலைக்கு வரும்போதெல்லாம்
சட்டைக்குள்ள பேப்பர் வெச்சிருப்பார்."

அதனால்தானோ வண்டியை அணைக்காதது.

கட்டங்காப்பி குடித்தான்.
நூறு ரூபாயை எண்ணி வாங்கினான், நோட்டில் எழுதினான்.
தள்ளுபடி என்று ஒரு பைசா இல்லை.
வாசல்வரை போனவன் திரும்பி வந்து
முக்காலியை இழுத்துப் போட்டு ஏறி
இடது காதுப் பக்கம் தளர்ந்திருந்த கயிற்றை
அவிழ்த்து இழுத்துக் கட்டினான்,
இரட்டை முடிச்சு.

மறுநாள் காலை
பாட்டிலைக் கவிழ்த்தேன். எண்ணெய் வரவில்லை.
அடுப்போரம் சாய்த்து வைத்துவிட்டு
ஜெசிந்தாவை எழுப்பப் போனேன்.