நாலாயிரத்து எண்ணூறு வேர்

ஒரே நாளென்றால் பதினோரு மணி நேரம்,
பாதி நேரம் குப்புற.
இரண்டு நாளென்றால் நடுவில் ஓர் இரவு
உட்கார்ந்தபடியே தூக்கம்.
இல்லையா, நெற்றி இப்போது,
உச்சி அடுத்த வருஷம்.
"பின்மண்டைக் கையிருப்பு அவ்வளவுதான்" என்றார் டாக்டர் நெர்மின்,
"எடுத்த இடத்தில் திரும்ப முளைக்காது."

நான் படகில் கயிறு வீசுகிறவன்.
கராக்கோய், கடிக்கோய், மறுபடி கராக்கோய்.
வெயில் ஆகாதாம், உப்புக்காற்று ஆகாதாம்,
பத்து நாள் தொப்பியும் கூடாதாம்.
மீதி விடுப்பு ஒன்பது நாள்.

"செலவு யார் தலையில்?"
வெங்காயம் நறுக்கியபடி முசெய்யென்.
என் தலையில்தான் என்றேன். சிரிக்கவில்லை.

ஃபிரிட்ஜில் தக்காளிக் காந்தம் பிடித்திருக்கும் காலண்டர்.
ஜூனில் ஷூலேவுக்குக் கல்யாணம்.
பிப்ரவரியில் நட்டால்
நட்டதெல்லாம் உதிர்ந்து,
அங்கொன்றும் இங்கொன்றுமாய் எட்டிப் பார்க்கிற நேரம்
சரியாக அவள் போட்டோவுக்கு வந்து நிற்கும்.
மார்ச், ஏப்ரல், மே
மூன்றையும் விரலால் மூடிப் பார்த்தேன்.

நவம்பர் என்று எழுதினேன்.
நெற்றி மட்டும்.
உச்சியைப் பார்ப்பது கடற்பறவைகளும்
மேல்தளத்துக் கேப்டன் ருச்ஹானும்தான்.
பனிமூட்டத்தில் அந்த வழுக்கையை வைத்துத்தான்
நான் எந்தப் பக்கம் நிற்கிறேன் என்று
கண்டுபிடிக்கிறாராம்.
இன்னொரு வருஷம் கண்டுபிடிக்கட்டும்.

கிளினிக்கிலிருந்து ஒரு பெண் கூப்பிட்டாள்:
நவம்பரில் செவ்வாய்க்கிழமை ஒன்றுதான் காலி,
பரவாயில்லையா?
செவ்வாயன்று தொடங்கிய காரியம்
ஆட்டம் காணும் என்பார்கள் எங்களிடம்.

காலடியில் படகும்
ஆடிக்கொண்டுதான் இருந்தது.
போட்டுக்கொள்ளுங்கள் என்றேன்.