பால், பாலம், பாலன்

காலை ஐந்தரைக்கு மல்லாவிப் பால் நிலையத்தில்
தராசு நாலு தசம் மூன்றில் நின்றுவிட்டது.
செபமாலையண்ணரின் கலன் இறங்கியும் நாலு தசம் மூன்று.
இராசமலரக்காவின் கலன் ஏறியும் நாலு தசம் மூன்று.
வெறுந்தட்டைப் பார்த்தோம்,
காற்றுக்கும் அதே நிறை.

‘ஓவ் பண்ணிப் போட்டுப் போடன் பிள்ளை’
என்றார் செபமாலையண்ணர்.
ஓவ் பண்ணினால் தாங்கியின் குளிரும் நிற்கும்,
நேற்றைய பால் திரைந்துபோம்.
கறுப்புத் திரையைத் திறந்தேன்.

இலக்கம் தெரியாது. பெயர் தெரியும்.
பெயர் தெரிந்தால் போதும்,
அதுதான் அந்தக் கட்டளையின் வசதி.
பீகில் என்று தட்டி
ஓர் இடைவெளி விட்டு
பால் என்று தட்டி
என்டரை அழுத்தினேன்.

பால் நின்றது.
கூடவே பாலமும் நின்றது,
கிளிநொச்சிக்குக் கணக்கு அனுப்புகிற நிரல்.
பாலனும் நின்றது,
தாங்கியின் சூட்டை நிமிடத்துக்கொருக்காப் பார்த்துவிட்டு
ஆருடைய சோலிக்கும் போகாமல் மூலையில் கிடந்த நிரல்.

நான் சொன்னது ஒரு பெயர்.
அது தேடியது ஒரு துண்டு.
துண்டு எவன் பெயருக்குள் கிடந்தாலும்
அவனும்தான்.

அப்பாவின் பெயர் தில்லையம்பலம்.
ஓமந்தையில் அவர்கள் வைத்திருந்த தாளில்
தில்லை என்றுதான் இருந்ததாம்.
அம்பலத்தை ஆரும் வாசிக்கவில்லை.
பொழுதுபட்டபின் விட்டார்கள்.
வீட்டுக்கு வந்தவர் சோறு கேட்கவில்லை,
அடையாள அட்டையை விளக்கடியில் பிடித்து
தன் பெயரை விரலால் எண்ணினார்.
எட்டெழுத்து.
அவர்களுக்கு மூன்று போதுமாயிருந்தது.

கட்டளைக்கு ஒரு முன்கட்டளை இருக்கிறது:
ஆர் ஆர் ஒத்துப்போகிறார்கள் என்று காட்டும்,
ஒருத்தரையும் தொடாது.
முழுப்பெயரும் அச்சொட்டாய் வேண்டுமென்றால்
நடுவில் ஓர் எக்ஸ்.
இரண்டும் எனக்குத் தெரியும்.
வரிசை வாசலைத் தாண்டி
மாங்குளம் றோட்டுவரை நின்றது, அவ்வளவுதான்.

பாலத்தை எழுப்பினேன். பாலனை எழுப்பினேன்.
பாலைப் புதிதாய் ஓடவிட்டேன், தட்டு பூச்சியத்துக்கு வந்தது.
ஆனால் பட்டியலில்
பழைய பால் இன்னும் ஒரு வரியாய்.
பக்கத்தில் இசட்.
முடிந்துவிட்டது, ஆனால் போகவில்லை என்று அர்த்தம்.

ஒன்பது போட்டேன்.
பதினைந்துக்குக் காது கொடுக்காததெல்லாம் ஒன்பதுக்கு விழும்.
இது விழவில்லை.
செத்ததை இன்னொருதரம் எப்படிக் கொல்லுறது.

பெற்ற நிரல் ஒருதரம் கேட்கவேண்டும்:
எப்படி முடிந்தாய் என்று.
கேட்டுப் பதிலை வாங்கினால் வரி அழியும்.
இந்தத் தாய் கேட்கவில்லை, அதுதான் கிடக்கிறது.

தலையை நிமிர்த்தினேன்.
கலனுக்கு மேலே துவாயைப் போட்டபடி இராசமலரக்கா.
அவ கேட்காத கந்தோர் இல்லை.
கொட்டிலில் படத்தோடு குந்தியிருந்து கேட்டா,
கொழும்பிலிருந்து வந்த மூன்று பேரிடம் கேட்டா,
படிவம் நிரப்பிக் கேட்டா,
மரணப் பத்திரம் தாறம் என்றபோது
அதை வாங்காமல் கேட்டா.
கேட்டுக்கொண்டே இருக்கிறா, வரி அப்படியே இருக்கிறது.

கையேட்டில் இன்னொரு வழியும் போட்டிருக்கிறது.
தாயை நிறுத்தினால்
பிள்ளையின் வரி தானாய் அழிந்துபோம்.
கொட்டிலில் இந்த வருடம் மட்டும்
நாலு படத்துக்குப் பக்கத்தில் ஆளில்லை.

அந்த வரியை நான் தொடவில்லை.
நினைவகத்தில் ஒன்றும் பிடிக்காது,
பட்டியலில் ஓர் இடம், ஓர் இலக்கம்,
இருந்துபோகட்டும்.

‘எனக்கு எவ்வளவு பிள்ளை?’

ஐந்து தசம் எட்டு.
கொப்பியில் இராசமலர் என்று எழுதி
பக்கத்தில் இன்னொரு இராசமலர் இருப்பதால்
சின்னத்தம்பி இராசமலர் என்று எழுதினேன்.
லக்டோமீற்றர் இருபத்தைந்துக்குத் தாழ்ந்தது,
இரவு மழை, கலனில் கொஞ்சம் தண்ணி.
இருபத்தாறு என்று போட்டேன்.