பொழுதோட ஓர் அமர்வு

முன்மொழிவுப் படிவம் இன்று நள்ளிரவோடு மூடுகிறது.
பெருந்துறை பைபாஸில் லாரிகள் இரைய இரைய
ஹாஸ்டல் ஆபீஸில் உட்கார்ந்து நிரப்புகிறேன்.
பெயர்: கு. பூங்கோதை.
பதவி: இயற்பியல் உதவிப் பேராசிரியை,
ஏழு வருடமாக முதலாண்டு வரவேற்புப் பொறுப்பு.
யாரும் கேட்டு வாங்காததால்
என்னிடமே நின்றுவிட்ட பொறுப்பு.

அமர்வின் தலைப்பு, பத்துச் சொற்களுக்குள்.
'ஹோலிஸ்டிக்னு ஒரு வார்த்தை இருக்கோணும் மேடம்,
இல்லாட்டி எடுக்க மாட்டாங்க' என்றார் பூபதி.
போன வருடம் அவருடையதை எடுத்தார்கள்.
அவிநாசி ரோட்டு ஓட்டலில் நாற்பது பேர்
கண்ணை மூடி மூச்சை எண்ணினோம்.
எனக்குப் பதினொன்றில் தூக்கம் வந்துவிட்டது.

நான் ஒரே சொல் அடித்தேன்: பொழுதோட.
உடனே அதன் கீழே சிவப்புக் கோடு.
சென்னையில் இதைப் படிக்கப்போகிறவருக்கு ஒரு விளக்கம்:
எங்கள் பக்கம் சாயங்காலத்துக்கு
அதுதான் பேருங்க.

சுருக்கம், இருநூற்றைம்பது சொற்கள்.
காலை ஒன்பதுக்குக் குத்துவிளக்கு.
பிறகு தாளாளர், அவருக்குப் பொன்னாடை,
ராகிங் தடுப்பு, நூலகம், பஸ் பாஸ்,
நாலு மணிக்குக் கேக்கும் மிக்சரும்.
நாலரைக்குப் பெற்றோரைத் தாட்டிவிடுவோம்.
எங்கள் நிகழ்ச்சி நிரல் அத்தோடு தீர்ந்தது.
பக்கெட்டைக் கட்டிலடியில் வைப்பதா, வெளியிலா,
பாத்ரூம் வரிசை எங்கே தொடங்குகிறது,
'ஏனுங்க' என்று கூப்பிட்டதற்கு
மேல் கட்டிலில் சிரித்தது யார்,
இதெல்லாம் அதற்குப் பிறகு.

தரவுகள் உண்டா என்கிறது அடுத்த கட்டம்.
உண்டு. ஒரு தாள்.
வெ. மௌனிகா, சென்னம்பட்டி. அப்பா தறி ஓட்டுகிறார்.
மூன்றாம் நாள், எங்கள் கருத்துப் படிவத்தில்
பத்துக் கேள்விக்கும் அஞ்சுக்கு அஞ்சு.
பிடித்தது என்ன? ரசம்.
மாற்ற வேண்டியது? ஒண்ணும் இல்லைங்க.
அன்று பொழுதோட ஆறே காலுக்கு
பெட்டியோடு இரண்டாம் கேட்டைத் தாண்டினாள்.
அவள் தாளையும் கூட்டித்தான்
திருப்தி தொண்ணூற்றாறு சதவீதம் என்று எழுதினோம்.
எழுதினேன்.

துணை அமர்வாளர்: மாரப்பன், கேட் காவலர்.
கல்வித் தகுதியைத் தொட்டால்
முனைவர், எம்ஃபில், முதுகலை என்று இறங்குகிறது பட்டியல்.
எட்டாம் வகுப்பு வரை இறங்கவில்லை.
மற்றவை என்று போட்டுவிட்டு
இன்டர்காமில் கேட்டேன், மேடையேறுவீங்களா என்று.
'நான் என்னத்தைப் பேசறதுங் மேடம்?
பவானி பஸ் எங்க நிக்கும்னு கேட்டுச்சு அந்தப் புள்ளை.
அக்கட்டால நிக்கும்னு கையைக் காட்டினேன்.
அவ்வளவுதானுங்.'
வைத்துவிட்டார் என்றுதான் நினைத்தேன்.
'சித்த நேரம் உக்காரு சாமின்னு சொல்லியிருக்கலாம்.
சேர் சும்மாதான் கெடந்துச்சு.'

கற்றல் விளைவுகள்:
அளவிடத்தக்க வினைச்சொல்லில் தொடங்கவும்.
உட்காருதல், என்று எழுதினேன்.
அடித்தேன். பகுப்பாய்வு செய்தல் என்று மாற்றினேன்.
அதையும் அடித்துவிட்டு
மறுபடி உட்காருதல்.

தேவைப்படும் கருவிகள்: புரொஜெக்டர், மைக், ஒயிட்போர்டு.
எதுவும் வேண்டாம்.
அரங்கத்துக்கு வெளியே, படிக்கட்டோரம்,
பிளாஸ்டிக் சேர் இரண்டு.

விரும்பும் நேரம்: முற்பகல், பிற்பகல்.
இரண்டே இரண்டு வட்டம்.
எதிலும் புள்ளி வைக்காமல் அனுப்பிப் பார்த்தேன்.
கட்டாயம் நிரப்ப வேண்டிய கட்டம் என்று
திரும்பத் திரும்ப அங்கேயே கொண்டுவந்து நிறுத்துகிறது.
மணி பதினொன்று ஐம்பத்தி நாலு.

பிற்பகலைத் தொட்டேன்.
குறிப்பில் சேர்த்தேன்:
கடைசி அமர்வாப் போடுங்க.
எல்லாரும் கிளம்பின பொறகுன்னாலும்
சரிதானுங்க.