மை

சைதாவில் மீன் சந்தைக்குப் பின்னால் என் கடை.
மணப்பெண்களுக்குக் கண் எழுதுகிறேன்.
இந்தத் தெருவில் நின்று ‘எலியாஸ்’ என்று கூப்பிட்டால்
நான்கு ஜன்னல் திறக்கும்,
ரொட்டிக்காரனும் திரும்பிப் பார்ப்பான்.
யேசபேல் என்று ஒரு குழந்தைகூட இல்லை.
இத்தனைக்கும் அவள் இந்த ஊர்ப் பெண்.
இங்கிருந்துதான் கட்டிக்கொடுத்தார்கள்,
தெற்கே, மலைக்கு நடுவே,
உப்புக்காற்று எட்டாத ஓர் அரண்மனைக்கு.

ஞாயிறு பூசையில் பாதர் இக்னாத் சொன்னார்:
கொல்ல வருகிறான் என்று தெரிந்தும்
மை தீட்டி ஜன்னலில் நின்றாள்,
மயக்கிவிடலாம் என்று.

மறுநாள் என் நாற்காலியில் சாய்ந்திருந்த
கல்லூரி ஆசிரியை ரீமா
கண்ணைத் திறக்காமலே சிரித்தாள்.
“மகனைக் கொன்ற கையோடு வருகிறவனையா?
அந்த வயதிலா?
சாவு வாசலில் நிற்கிறது, தக்லா.
ராணியாகவே போகிறேன் என்றாள். அவ்வளவுதான்.
பிறந்த வீட்டுச் சாமியைக் கூடவே கொண்டுபோனாள்,
புகுந்த வீடு அதைத்தான் பொறுக்கவில்லை.”

தீர்க்கதரிசிகளை வெட்டச் சொன்னதும்
எழுதியிருக்கிறதே என்றேன்.
“எழுதும்போது மை யார் கையில் இருந்தது?”

எனக்கு அது பிடித்திருந்தது.
அன்று இமையோரக் கோடு
ஒரு மயிரிழை பிசகாமல் வந்தது.

பிறகு வந்த பெண்களிடமெல்லாம் அதையே ஒப்பித்தேன்,
எங்கள் ஊர்க்காரி, எங்கள் ஊர்க்காரி என்று.
சனிக்கிழமை ஸஹ்லேயிலிருந்து ஒரு கல்யாணப் பெண்,
கூடவே அவள் அத்தை நஜீபா.
அத்தை முழுதும் கேட்டுவிட்டு,
கைப்பையின் வாரைத் திருகிக்கொண்டே கேட்டாள்:

“நாபோத்துக்குப் பெண்டாட்டி இருந்தாளா?”

தெரியவில்லை. எழுதவில்லை.

“எங்கப்பாவின் திராட்சைத் தோட்டம்
ஒரு கடிதத்தில் போயிற்று.
முத்திரை சரியாக இருந்தது.
சாட்சிக்கு இரண்டு பேர், அவர்களும் தெரிந்தவர்கள்தான்.
கையெழுத்து, அம்மா, அவ்வளவு அழகு.”

அப்போது பார்த்து கரண்ட் போனது.
கீழே ஜெனரேட்டர் இருமிற்று, எழவில்லை.
இருட்டில் தூரிகையோடு நின்றேன்.

நாய்கள் அவள் உள்ளங்கைகளை மட்டும் விட்டுவிட்டனவாம்,
பாதங்களையும் மண்டையோட்டையும்கூட.
பாதருக்கு அது அருவருப்பு, நாயே தொடாதது.
ரீமாவைக் கேட்டால் மருதாணிக் கசப்பு என்பாள்.
எனக்குத் தோன்றியதை நஜீபாவிடம் சொல்லவில்லை:
ஜன்னலுக்கு முன்னால் மை தொட்ட விரலும்
ராஜாவின் பெயரில் கடிதம் எழுதிய விரலும்
ஒரே கையில்தான் இருந்தன.

விளக்கு வந்தது.
கண்ணாடியில் பெண்ணுக்கு ஒரு கண் முடிந்திருந்தது,
மற்றது அப்போதுதான் தூங்கி எழுந்ததுபோல்.
“இந்தக் கண்?” என்றாள்.
தெருவில் கார் ஹாரன் அடித்துக்கொண்டே இருந்தது.

கோடு கோணிற்று.
பஞ்சால் துடைத்தேன்.
மறுபடி எழுதினேன்.