வத்தம் பார்த்து

கிள்ளைப் படகுத்துறையில்
புதுப் பலகை நட்டிருக்கிறார்கள்.
காலை ஆறு முதல் ஒன்பது: இறால் பிடிப்போர்.
ஒன்பது முதல் ஐந்து: படகுச் சவாரி.
ஓரத்தில் ஒரு நாரை. யாரோ நன்றாகவே வரைந்திருக்கிறார்கள்.

எட்டாவது வரை போனவள் நான்.
பூங்காவனத்துக்கு வாசித்துச் சொன்னேன்.
"வத்தம் எப்பன்னு போட்டிருக்கா?" என்றாள்.
போடவில்லை.

நேற்று எட்டுக்கு வத்தியது கால்வாய்.
இன்று ஒன்பதை ஒட்டி.
நாளை பத்தை நெருங்கும்.
இடுப்பளவுக்கு இறங்கினால்தான்
உட்கார்ந்து நகர முடியும் எங்களால்.
கழுத்து வரை தண்ணீர், சேற்றுக்குள் இரண்டு கை,
பல்லிடுக்கில் பறியின் கயிறு.
விரல் நுனியில் மீசை தட்டும்.
இறால் பின்பக்கமாகப் பாயும்;
ஒரு கை அது இருக்கும் இடத்தில்,
இன்னொரு கை அது போகப்போகும் இடத்தில்.

மார்கழி ஞாயிறு ஒன்றில்
ஆரஞ்சு, மஞ்சள், ஆரஞ்சு என்று
நாற்பத்தோரு கயாக்குகள். எண்ணினேன்.
ஒரு துடுப்பு என் பிடரியில் இறங்கியது.
அலறியது அந்தப் பெண்தான்.
"தேங்கா மிதக்குதுன்னு நெனச்சேங்க்கா, சாரிக்கா."
பறி கவ்விய வாயால் என்ன சொல்ல?
திறந்தால் விடியலிலிருந்து பிடித்ததெல்லாம் போய்விடும்.
தலையை ஆட்டினேன்.
பரவாயில்லை என்று எடுத்துக்கொண்டாள்.

அந்த வரிசையின் முதல் கயாக்கில்
கழுத்தில் விசிலோடு என் மகன் மணிமாறன்.
நாளுக்கு அறுநூறு, ஞாயிறென்றால் எழுநூறு.
வீட்டின் சிமெண்டுத் தரை அவன் துடுப்பு போட்டது.
கூரையின் தகரம் என் கை பிடித்தது.
மழை வந்தால் இரண்டுமே வேண்டும்.

கூட்டத்தில் எங்களுக்கும் நாற்காலி போட்டார்கள்,
உள்ளதைச் சொல்ல வேண்டும்.
சவாரி நடத்துகிறவர் எழுந்து
காடு எல்லாருக்கும் பொது என்றார்.
பறவை பார்க்க வந்த கண்ணாடிக்காரர்
நீங்கள் இரண்டு பேருமே கலைக்கிறீர்கள் என்றார்.
அதுவும் பொய்யில்லை.
வனவர் தெய்வசிகாமணி என் பக்கம் திரும்பி
"நீங்க ஏம்மா வாயே தெறக்கல?"
பழக்கம் சார்.
தண்ணியில வாய் பறிக்குத்தான்.

சிரித்தார்கள்.
சிரித்து முடித்த பிறகு சொன்னேன்:
பொதுன்னா சரி. மணிய எடுத்துடுங்க.
வத்தத்துக்கு முன்னே ஒரு மணி, பின்னே ரெண்டு மணி எங்களுக்கு.
ஏத்தம் முழுக்க நீங்க வெச்சுக்குங்க.
நெறஞ்ச தண்ணியிலதான் கயாக்கும் வேர்ல இடிக்காமப் போகும்.

கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை.
நுழைவுச்சீட்டு கொடுக்கும் பையன் கேட்டான்,
"தெனம் மாறுற நேரத்த டிக்கெட்ல எப்படிக்கா அடிக்கிறது?"
எனக்கும் தெரியவில்லை.
குறித்துக்கொள்கிறோம் என்றார்கள்.
பேனா ஓடியதைப் பார்த்தேன்.

இன்று மணி ஒன்பது இருபது.
பலகைப்படி நான் தண்ணீரில் இருக்கக் கூடாது.
வளைவுக்கு அந்தப் பக்கம்
மணிமாறன் எல்லாரையும் நிறுத்தி வைத்திருக்கிறான்.
தில்லைப் பால் கண்ணில் பட்டால் என்ன ஆகும் என்று
ஐந்து நிமிடக் கதையை
இருபது நிமிடமாக இழுக்கிறான்.
யாரோ சலித்துக் கேட்கிறார்கள், "போலாமா அண்ணா?"
வேரில் நண்டு ஏறுகிறது பாருங்கள் என்கிறான்.
நண்டு எங்கே என்கிறார்கள்.
இப்போது நண்டைத் தேட வேண்டும் அவன்.

தலையில் ஆரஞ்சுத் துண்டு கட்டியிருக்கிறேன்,
கிழிந்துபோன மிதவைச் சட்டையிலிருந்து வெட்டியது.
தேங்காய் இல்லை என்று தெரியட்டும்.
விசில் கேட்கிறது. ஒரு முறை. மெதுவாக.
பறியில் இன்னும் பாதி இடம்.
சேற்றில், இடது சுண்டு விரலில்,
ஏதோ தட்டுகிறது.