முப்பத்தாறு ஆவர்த்தனம்

என் தாளில் அந்த இடத்தில் சுரம் கிடையாது.
தடித்த ஒரு கோடு, அதன் தலையில் முப்பத்தாறு என்று எண்.
மூன்றாம் டிரம்பெட்டுக்கு அவ்வளவுதான் மரியாதை:
தொடக்கத்தில் கொஞ்சம் ஊது,
அப்புறம் சும்மா இருந்து எண்ணு.

தமுக்கம் மைதானம்.
பொருட்காட்சியின் பதினோராம் இரவு.
பகலெல்லாம் தகரக் கொட்டகைக்குள் கிடந்து
பித்தளை தானாகவே சுருதி ஏறியிருந்தது.
ஆளுக்கொரு நகக்கண் அளவு
குழலை வெளியே இழுத்து இறக்கிக்கொண்டோம்.
டெல்லி அப்பளக் கடையின் புகை நேராக மேடைக்கு வந்தது.
மூச்சிழுத்தால் எண்ணெய்.

ஜெசிந்தா ஒத்திகையில் சொன்னது:
சுத்த தன்யாசியை நிமிர்த்தி நிறுத்துங்கள்,
மத்திமத்துக்கும் பஞ்சமத்துக்கும் நடுவே
ஒரு சுரத்தைக் கோணலாகச் செருகுங்கள்,
நடையைக் கொஞ்சம் நொண்டவிடுங்கள்,
ஜாஸ் தானாக வந்து பக்கத்தில் உட்காரும்.
ஒச்சப்பன் டியூபாவுக்குப் பின்னாலிருந்து கேட்டான்:
உக்காந்தா டீ யாரு வாங்குறது?

ஐந்தாம் ஆவர்த்தனத்தில் சவரிமுத்து எழுந்தார்.
கல்யாண ஊர்வலத்தில் டிராம்போனை நீட்டினால்
முன்னால் போகிறவன் முதுகில் இடிக்கும்.
இருபது வருடம் அரைக் கை மட்டுமே நீட்டிய மனிதர்.
இன்றைக்கு எதிரே முதுகு இல்லை.
முழுக்கையும் போனது.
தவமணி டிரம்மில் குச்சியை மாற்றி
பிரஷ்ஷை எடுத்துத் தேய்க்க ஆரம்பித்தாள்,
யாரோ ஈர வாசலைக் கூட்டுவது மாதிரி.

அப்போதுதான் கம்பத்து ஒலிபெருக்கியில் அந்தக் குரல்.
டிஎன் ஐம்பத்தொன்பது, நாற்பத்து நான்கு பதினேழு,
பச்சை நிற டிவிஎஸ்
தண்ணீர் லாரிக்குக் குறுக்கே நிற்கிறது,
உரிமையாளர் உடனே வந்து எடுக்கவும்ம்ம்.

யார் வண்டி என்று எங்கள் ஒன்பது பேருக்கும் தெரியும்.
அவருக்கும் தெரியும்.
ஊதுவதை நிறுத்தாமல் என்னைப் பார்த்தார்,
சட்டைப் பையை என் பக்கம் திருப்பினார்.
எனக்குத்தானே ஓய்வு.

ஏழு. சாவியோடு பின்படியில் இறங்கினேன்.
எட்டு. மிளகாய் பஜ்ஜி வரிசை.
ஒன்பது, பத்து, பலூன்காரர் மேல் மோதல், மன்னிச்சுக்கங்கண்ணே, பதினொன்று.
வலது கையில் டிரம்பெட்.
இடது கை தொடையில் தட்டு, சுண்டுவிரல், மோதிரவிரல், நடுவிரல்.
மரணக்கிணற்றின் மோட்டார் சைக்கிள் வேறொரு தாளத்தில் சுற்றியது.
அதற்குக் காது கொடுக்கவில்லை.

லாரிக்காரர் ஸ்டியரிங்கில் தாடையை வைத்திருந்தார்.
உன் வண்டியாப்பா?
இல்லண்ணே, அந்தா ஊதுறாருல்ல, அவரு வண்டி.
ஒரு நொடி யோசித்தார்.
எஞ்சினை அணைத்தார்.

அந்த அமைதிக்குள்
சுவரைத் தாண்டி வந்தது கோணல் சுரம்.
பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து
ஒரு மாதமாகக் கேட்டது இதுவல்ல.
சவரிமுத்து அறிவிப்பாளரின் இழுப்பையே எடுத்துக்கொண்டார்.
வந்து எடுக்கவும்ம்ம் என்று டிராம்போன் கேட்டது,
பிறகு கெஞ்சியது,
பிறகு ஒருமுறை நையாண்டி,
பிறகு சொல்லெல்லாம் உதிர்ந்து
வெறும் ம்ம்ம் மட்டும்
நிஷாதத்துக்கு மேலே ஏறிப் போனது.
கூட்டம் சிரித்தது. லாரிக்காரரும்.
அந்தச் சிரிப்பு ஒரு ஆவர்த்தனமா, இரண்டா?

எண்ணிக்கை கையை விட்டுப் போயிற்று.

வண்டியைத் தள்ளி எங்கோ சாய்த்துவிட்டு
ஓடி வந்து படியேறி
முப்பத்தாறாகத்தான் இருக்கும் என்று ஊதினேன்.
முப்பத்து நான்கு.
தன்னந்தனியாக, மேல் ஷட்ஜத்தில், முழு மூச்சில்.

ஜெசிந்தாவின் புருவம் மட்டும் அசைந்தது.
ஒச்சப்பன் அடியிலிருந்து ஒரு நீண்ட சுரத்தை
என் காலுக்குக் கீழே தள்ளினான்,
முகூர்த்தத்துக்கு முன்னாலேயே வந்துவிட்டவருக்கு
நாற்காலி இழுத்துப் போடுவதுபோல.
தவமணி அதையே சமமாக எடுத்து அடித்தாள்.
முதல் வரிசையில் யாரோ ஆகா என்றார்.
எனக்கு வேர்த்துக் கொட்டியது.

முடிந்தபின் ஜெசிந்தா என் தாளைப் பிடுங்கி
பென்சிலால் முப்பத்தாறை அடித்து
முப்பத்து நான்கு என்று எழுதினார். ஒன்றும் பேசவில்லை.

சவரிமுத்து எச்சில் நீரைத் தட்டி வடித்துக்கொண்டே கேட்டார்:
வண்டிய எங்க விட்ட?

அதை மட்டும் எவ்வளவு யோசித்தும்
என்னால் சொல்ல முடியவில்லை.